எட்டு மைல் தண்ணீர்

ரைபிள் ரேஞ்ச் பிளாட், பினாங்கு
11 பிப்ரவரி 2024

மருமகள் அனுஜாவுக்கு மாமியார் ருக்குமணி எழுதுவது.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு அந்தக் காய்ச்சல் திரும்ப வந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

போனில் பேசலாம் என்றால் நீ இருக்கும் தீவில் லைன் இல்லை. லைன் இருக்கும் ஊருக்கு நீ வந்த அன்றும் நாம் பேசவில்லை, அழுதோம். அதனால்தான் எழுதுகிறேன். பைராம் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பக்கத்து வீட்டுக் காமாரியா இந்தத் தாளைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். சாமான் வாங்க ஊருக்கு வரும்போது படி. நீயும் அதேபோல் எழுதி அனுப்பு. அவள் போனில் பார்த்துக்கொள்கிறேன்.

குகன் போன படகு கவிழ்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பு கிடைக்கவில்லை. இனியும் கிடைக்காது. எனக்குப் புத்தி கலங்கவில்லை அனு. குறி கேட்கப் போகவில்லை, ஜோசியக்காரனைப் பார்க்கவில்லை. என் மகன் செத்துவிட்டான். அதை நானே என் வாயால் சொல்லுவேன். யாரும் எனக்குப் பதமாக எடுத்துச் சொல்ல வேண்டாம்.

ஆனால் நீ இன்னும் அங்கே என்ன செய்கிறாய்? நீ தினமும் கரையோரம் நடந்து அவன் உடம்பைத் தேடுகிறாய் என்று என் அண்ணன் முனுசாமி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் நிறுத்து. பறவைக்காக என்றால் அதையும் நிறுத்து. நீங்கள் இரண்டு பேரும் பிடித்து அளக்கிற பறவையின் படத்தைக் காமாரியா எனக்குக் காட்டினாள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். இது மாத்தா புத்தே, அந்த வெள்ளைக்கண் குருவிதானே? காமாரியாவின் புருஷன் கமால் இதைக் கூண்டில் போட்டு ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். லிஃப்டை விட்டு இறங்கினால் ஐந்து கூண்டு தொங்குகிறது. இதற்கா என் பிள்ளை அவ்வளவு தூரம் போனான்?

மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர். என் வீட்டில் இரு, இல்லை உன் அப்பா வீட்டில் இரு. வா.

ருக்குமணி


நடுத் தீவு
9 மார்ச் 2024

அன்புள்ள மாமிக்கு,

காய்ச்சல் திரும்பவில்லை. மீனும் சாகோக் களியும் சாப்பிடுகிறேன். உங்கள் கால் வீக்கம் எப்படி என்று எழுதவில்லையே. சாப்பாட்டுக் கடையில் இன்னும் நின்றுகொண்டேதான் காய் வெட்டுகிறீர்களா? ஒரு ஸ்டூல் கேளுங்கள்.

நான் தேடவில்லை மாமி. முதல் மாதம் தேடினேன். இப்போது இல்லை.

பறவையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், மாத்தா புத்தேதான். ஆனால் கமாலின் கூண்டில் இருப்பதற்கு இது தூரத்துச் சொந்தம். இங்கே வரிசையாக மூன்று தீவுகள். அவற்றின் பெயர்கள் உங்கள் வாயில் நுழையாது என்று குகன் உங்களுக்குப் பெரிய தீவு, நடுத் தீவு, கடைத் தீவு என்று சொல்லுவார். பெரிய தீவில் இந்தக் குருவிக்கு வயிறு மஞ்சள், கண் வளையம் அகலம். நான் இருக்கும் நடுத் தீவில் வயிறு சாம்பல், வளையம் ஒடுங்கிவிட்டது. கடைத் தீவில் வளையமே கிடையாது. வெறும் கறுத்த கண்.

மூன்றும் ஒரே கூட்டத்தின் பிள்ளைகள். எந்தக் காலத்திலோ ஒரு காற்று சில குருவிகளைக் கடலுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறது. விழுந்த இடத்தில் தங்கிவிட்டன. தனித்தனியாகக் குஞ்சு பொரித்து, தனித்தனியாக மாறிவிட்டன. அவை இன்னும் ஒன்றை ஒன்று தன் இனம் என்று கண்டுகொள்ளுமா என்பதுதான் எங்கள் கேள்வி. ஒரு தீவின் பாட்டைப் பதிவு செய்து அடுத்த தீவில் ஸ்பீக்கரில் போடுவோம். தன் இனம் என்று நினைத்தால் ஆண் குருவி சண்டைக்கு வரும். இல்லை என்றால் திரும்பியும் பார்க்காது. பெரிய தீவுப் பாட்டுக்கு நடுத் தீவுக் குருவி திரும்பவே இல்லை. அது முடிந்துவிட்டது. நடுத் தீவுப் பாட்டுக்குக் கடைத் தீவுக் குருவியும் திரும்பாது என்று குகன் நினைத்தார். அதைச் சோதிக்கப் போனபோதுதான்.

ஒரு பாட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

நான் இப்போது வரவில்லை. கோபப்படுங்கள், பரவாயில்லை.

அனுஜா


பினாங்கு
28 மார்ச் 2024

அனுவுக்கு,

கால் வீக்கம் இருக்கிறது. ஸ்டூல் கேட்டேன். "உக்காந்து வெட்டுனா கையி மெதுவாப் போகும்கா" என்கிறான் முதலாளி. அவன் தலையை வெட்டினால் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. உன் உடம்பு இளைத்திருக்கும். முட்டை கிடைத்தால் வாங்கிச் சாப்பிடு.

போன ஞாயிறு உன் அப்பாவும் அம்மாவும் செபராங் ஜெயாவிலிருந்து வந்தார்கள். என் அண்ணனும் கூட. மூன்று பேரும் சேர்ந்து வந்ததிலேயே தெரிந்துவிட்டது. உன் அப்பா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"நீங்கள் ஒரு வரி எழுதினால் பிள்ளை வந்திடுவாள் சம்பந்தி. நாங்கள் சொன்னால் கேக்கிறாளில்லை. உங்களுக்குத்தான் அவள் பயம்."

"பயமா? கல்யாணமாகி மூணாம் நாளு, இட்லி மாவுல தண்ணி ஜாஸ்தின்னு என் அடுப்படியில நின்னு சொன்னவ அவ. வரச் சொல்லி எழுதிட்டேன். வரலன்னு எழுதிட்டா."

உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் உங்கட மகன் பழக்கினது. எங்கட பரம்பரையில ஒருத்தரும் காட்டில போய்ப் படுத்ததில்லை."

"எங்க பரம்பரையில எல்லாரும் காட்டுலதாம்மா படுத்தாங்க. அந்தக் காட்ட அவங்க வெட்டினதாலதான் உங்க மாமனாருக்கு உக்காந்து கணக்கெழுத ஒரு எஸ்டேட்டு கெடச்சிச்சி."

இதை நான் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னது நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன் வந்த விஷயம் வேறு. உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் மனித உருவம் கட்டி, அதற்குக் கொள்ளி வைத்து, சாம்பலைக் கடலில் விட வேண்டுமாம். ஐயர் சொல்லிவிட்டாராம். அதற்கு நீ வந்து உட்கார வேண்டுமாம்.

"அண்ணே, புல்லு புல்லுதான்."

"சாஸ்திரம்லா ருக்கு. இல்லன்னா புள்ள ஆவி அலையும்."

"அவன் உசிரோட இருக்கும்போதே ஒரு எடத்துல நிக்கமாட்டான். அலையட்டும் விடுங்க."

என் மகனை எரிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. புல்லை எரித்துவிட்டு இது குகன் என்று சொல்ல என்னால் முடியாது. அதற்காக நீ வர வேண்டாம். ஆனால் வேறு எதற்காகவாவது வா.

நீ அனுப்பிய பாட்டைக் காமாரியா வராந்தாவில் போட்டாள். கமாலின் குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ சொன்னது சரிதான். ஆனால் பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் ஒரு மனிதன் குரல் "மரம்" என்று சொல்லி நிற்கிறது. அது அவன் குரல். அதற்கு முன்னால் இருந்ததை நீ வெட்டியிருக்கிறாய்.

மாமியார்


நடுத் தீவு
5 மே 2024

அன்புள்ள மாமிக்கு,

முட்டை கிடைக்கிறது. இரண்டு கோழி வளர்க்கிறேன். கடற்காற்று அதிகம், வேறு குறை இல்லை. கடை முதலாளியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். கத்தியைப் பற்றி வேண்டாம்.

அம்மா சொன்னதற்காக நான் வருத்தப்படுகிறேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை.

பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பதிவு செய்கிறவர் தேதி, இடம், மரம் எல்லாம் சொல்லுவது வழக்கம். பிறகு எந்தப் பாட்டு எங்கே எடுத்தது என்று குழம்பாமல் இருக்க. குருவிக்குப் போட்டுக் காட்டும்போது அந்தக் குரல் இருக்கக் கூடாது. அதனால் வெட்டுகிறேன். நூற்றுக்கணக்கில் இருக்கிறது. தினமும் கொஞ்சம் வெட்டுகிறேன்.

மாமி, ஒன்று கேட்க வேண்டும். நடுத் தீவில் என் வேலை முடிந்துவிட்டது. கடைத் தீவு மட்டும் பாக்கி. இங்கிருந்து எட்டு மைல். குருவிகள் கூடு கட்டும் காலத்தில்தான் கோபமாகப் பதில் சொல்லும். இங்கே அது அக்டோபர், நவம்பர். கடலும் அப்போது அமைதி. அதற்குப் பிறகு மேற்குக் காற்று வந்துவிடும். நான் போக வேண்டும். நீங்கள் போகாதே என்றால் போக மாட்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

அனுஜா


பினாங்கு
19 மே 2024

அனுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

அவன் செத்த தண்ணீரை நீ கடக்கலாமா என்று என்னிடம் கேட்கிறாய். காமாரியா சொன்னாள், நம்முடைய பினாங்குப் பாலமும் ஏறக்குறைய எட்டு மைல்தானாம். அதை பஸ்ஸில் கடந்தாலே நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

யாருடைய படகு? யார் ஓட்டுவது? அதை எழுது. அதற்குப் பிறகு யோசிக்கிறேன்.

வெட்டியதை என்ன செய்தாய்? எறிந்துவிட்டாயா? எறியவில்லை என்றால் ஒன்றை அனுப்பு.

ருக்குமணி


நடுத் தீவு
7 ஜூலை 2024

அன்புள்ள மாமிக்கு,

நீங்களும் உங்கள் காலும் சுகமாக இருக்க வேண்டும். பெரிய அலை. ஒரு மாதமாக ஊருக்குப் போகும் படகே இல்லை. அதனால்தான் தாமதம். கோழி ஒன்று காணாமல் போய்விட்டது.

இந்த மாதம் இறக்கை அளவுகளைச் சரிபார்த்தேன். பெரிய தீவுக் குருவியைவிட இங்கே உள்ளதற்கு இறக்கை கட்டை, கால் நீளம். இதுதான் விசித்திரம். முதலில் வந்தவை எத்தனையோ நாள் பயணம் செய்து கடலைக் கடந்தவை. அவற்றின் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற அடுத்த தீவுக்குப் போவதில்லை. இங்கே பழம் உண்டு, பிடித்துத் தின்னும் மிருகம் அதிகம் இல்லை. பறந்து போனவை பெரும்பாலும் கடலில் விழுந்து செத்திருக்கும். இருந்தவை பிழைத்துக் குஞ்சு பொரித்தன. அதனால் ஓரிடத்திலேயே இருக்கிற குணம்தான் மிஞ்சியது என்று சிலர் சொல்கிறார்கள். முழுக்க யாருக்கும் தெரியாது.

கொய்யா மரங்கள் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கின்றன.

நீங்கள் கேட்டதில் ஒன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அனுஜா


பினாங்கு
30 ஜூலை 2024

அனுவுக்கு,

கோழி போனால் போகட்டும், நீ பத்திரமாக இரு. என்னை விசாரிப்பதை நிறுத்து. நான் கேட்டதற்குப் பதில் சொல்.

முதலில் அவன் குரல். காமாரியா வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். "நடுத் தீவு, கொய்யா மரம், மழை விட்டிருக்கு, அனு சோத்தை அடி பிடிக்க விட்டுட்டா, வாசம் இங்க வரைக்கும் வருது, சரி தம்பி, நீ பாடு லா." குருவியைத் தம்பி என்கிறான். கமாலின் குருவி அந்த நேரம் பார்த்துக் கத்தியதில் பாதி கேட்கவில்லை. கமாலைத் திட்டினேன். அவன் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். பிறகு திரும்பப் போட்டுக் கேட்டோம். காமாரியாவுக்குத் தமிழ் தெரியாது. அவளும் அழுதாள்.

அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கே அவன் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி உன் விஷயம். யாருடைய படகு என்று கேட்டேன். நீ இறக்கை நீளம் எழுதினாய், கொய்யாக் காய் எழுதினாய், கோழியைக்கூட எழுதினாய். படகோட்டியின் பெயரை மட்டும் எழுதவில்லை. வேறு யாராவதாக இருந்தால் முதல் வரியில் எழுதியிருப்பாய். அதே படகு. அதே ஆள். அன்றைக்குக் குகனோடு போய், தான் மட்டும் பிழைத்து வந்த ஹஸ்ருல்.

அண்ணன் அந்த ஆளை ஜெயிலில் போட வேண்டும் என்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் கையில் இரண்டாவதாக உன்னையும் கொடு என்று என்னிடம் கேட்கிறாய். அதையும் கேட்காமல் கேட்கிறாய்.

பறந்தவை செத்தன, இருந்தவை பிழைத்தன என்று எழுதியிருக்கிறாய். காட்டில் படுத்ததில்லை என்று உன் அம்மாவும் அன்று அதைத்தான் வேறு மாதிரிச் சொன்னார். எனக்கு இது ஒப்பவில்லை. முதலில் ஒன்று பறந்து வராமல் இருந்திருந்தால் இருப்பதற்கு அங்கே எது இருந்திருக்கும்? உன் படிப்பில் இதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லை என்றாலும் பரவாயில்லை.

ருக்குமணி


நடுத் தீவு
1 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். உங்களை விசாரிக்க வேண்டாம் என்றீர்கள், விசாரிக்கிறேன்.

ஆமாம், ஹஸ்ருல்தான். எழுதத் தைரியம் வரவில்லை.

அந்த நீரோட்டம் தெரிந்தவர் இந்தக் கரையில் அவர் ஒருவர்தான். அன்று எஞ்சின் நின்றதும் அலை பக்கவாட்டில் அடித்தது. கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தில் இரண்டு பேரும் தொங்கினார்கள். விடிந்தபோது ஒருவர்தான் இருந்தார். அவர் கைத்தோல் உரிந்திருந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. படகைச் செப்பனிட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறார். வலை பின்னிப் பிழைக்கிறார்.

நான் கேட்டபோது வர மாட்டேன் என்றார். பிறகு ஒரு நாள் அவரே வந்து, குகனின் அம்மா போகச் சொன்னால் போகிறேன் என்றார். வேறு யார் சொன்னாலும் முடியாதாம்.

நீங்கள் கேட்ட கேள்வியை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் மாமி.

அனுஜா


பினாங்கு
4 அக்டோபர் 2024

அனுவுக்கு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. கடையில் நானே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டுப் போனான். உனக்கு உடம்பு சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் உனக்குப் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது தெரியும்.

நேற்று முன்தினம் புரட்டாசி அமாவாசை. காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உன் அப்பா போன் போட்டார். நல்ல மனிதர் அவர், அவருக்குப் பொய் வருவதில்லை. "சம்பந்தி, நீங்கள் பாகான் ஆஜாமுக்கு வரேல்லையோ? தொடங்கப் போகினம்" என்றார். அண்ணன் என்னிடம் சொல்லாமல் ஏற்பாடு செய்துவிட்டார்.

பெரிப் படகு ஏறி அந்தப் பக்கம் போய் டாக்சி பிடித்தேன். கடற்கரையில் பாய் விரித்து, அதில் புல்லால் கட்டின உருவம். தலை, கை, கால் எல்லாம் கட்டியிருந்தார்கள். அதன் மேல் குகனின் நீலக் கோடு போட்ட சட்டை. உன் அம்மா வீட்டில் அவன் விட்டுவிட்டு வந்தது. ஆள் சின்னதாக இருந்ததால் சட்டை தொளதொள என்று கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவாயா? அவன் அந்தச் சட்டையில் பித்தான் பிய்கிற மாதிரி இருப்பான்.

நான் கிட்டே போய்ச் சட்டையைக் கழற்றினேன்.

"அம்மா, தொடாதீங்க, தீட்டு" என்றார் ஐயர்.

"தீட்டுன்னா செத்தவன் இங்க இருக்கணும் ஐயரே. இது புல்லு."

புல்லின் கட்டுகளை அவிழ்த்தேன். கை முதலில் அவிழ்ந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

"ருக்கு, ஊரே பாக்குது. நாளைக்குக் கோயில்ல நான் எப்பிடி நிப்பேன்?"

"வழக்கமா நிக்கிற மாதிரியே நில்லுங்கண்ணே."

"உனக்காகத்தானே செய்றேன். இன்னிக்கி சாயந்தரத்தோட எல்லாம் முடிஞ்சிடும்லா. நீயும் நிம்மதியா இருக்கலாம்."

அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. அண்ணனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சாயந்தரத்தோடு முடிய வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை அனு. என் பிள்ளையை நான் முடிக்கப் போவதில்லை. அவிழ்த்த புல்லைப் பாயிலேயே போட்டுவிட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு நடந்தேன். உன் அம்மா பின்னாலேயே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "வெயில் கடுமையாக் கிடக்கு. காரில ஏறுங்கோ" என்றார். பெரி வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

இந்த ஊரில் எல்லாரும் அவனை வழியனுப்பக் காத்திருக்கிறார்கள். அவன் என்ன கேட்கப் போனானோ அதை இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது நீ ஒருத்திதான். போ. காலையில் கிளம்பு, மிதவைச் சட்டை போடு, ஹஸ்ருலும் போட வேண்டும், காற்று பார்த்துப் போ. எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. அது இருக்கட்டும். நீ போ.

கீழே எழுதியிருப்பதை ஹஸ்ருலுக்குப் படித்துக் காட்டு. எனக்குத் தெரிந்த பாசார் மலாய்தான், கடைத்தெருப் பேச்சு.

"ஹஸ்ருல், இனி குகன் புன்யா மாக். சாயா தாடா மாரா. பாவா டியா பெர்கி, பாவா டியா பாலேக்."

இது குகனின் அம்மா, எனக்குக் கோபம் இல்லை, அவளைக் கூட்டிக்கொண்டு போ, கூட்டிக்கொண்டு திரும்பி வா என்று எழுதியிருக்கிறேன். கோபம் இல்லை என்பது பொய். கொஞ்சம் இருக்கிறது. அதை நீ அவரிடம் சொல்ல வேண்டாம்.

ருக்குமணி


நடுத் தீவு
24 நவம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

போய்த் திரும்பிவிட்டேன். இதை முதல் வரியில் எழுதுகிறேன். நானும் ஹஸ்ருலும் சுகம். மூன்று வாரம் கடைத் தீவில் இருந்துவிட்டோம். அதனால் செய்தி அனுப்ப வழி இல்லை. நீங்கள் எத்தனை நாள் தூங்காமல் இருந்தீர்களோ.

உங்கள் வரிகளைப் படித்துக் காட்டினேன். அன்று மாலையே படகைத் திருப்பிப் போட்டார். நடுக் கடலில் ஓர் இடத்தில் எஞ்சினை மெதுவாக்கித் தொப்பியைக் கழற்றினார். நான் எங்கே என்று கேட்கவில்லை. தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

கடைத் தீவில் முதலில் பெரிய தீவின் பாட்டைப் போட்டேன். எந்தக் குருவியும் திரும்பவில்லை. பிறகு நடுத் தீவின் பாட்டைப் போட்டேன். ஒரு ஆண் குருவி ஓடி வந்தது மாமி. ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்து கொத்தியது. அடுத்த மரத்திலும் அப்படி, அதற்கடுத்த மரத்திலும் அப்படி. ஹஸ்ருல் சிரித்துவிட்டார். கண்ணில் வளையம் இல்லை, நிறம் வேறு, ஆனால் பாட்டு புரிகிறது. அவை பிரிந்து அதிக காலம் ஆகவில்லையோ, இல்லை எப்போதாவது ஒன்றிரண்டு அந்தத் தண்ணீரைக் கடந்து போய் வந்துகொண்டிருக்கிறதோ, தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் ஒரு வருடமாவது இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. குகன் நினைத்தது தப்பு. இரண்டு வருடம் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், கூட்டங்களில் பேசினார், அதற்காகத்தான் அன்று கிளம்பினார். அது தப்பு.

எங்கள் பேராசிரியருக்குச் சொன்னேன். கட்டுரையில் குகனின் எண்ணம் என்னவென்று எழுத வேண்டாம், முடிவை மட்டும் எழுதலாம் என்கிறார். முன்பக்கத்தில் அவர் நினைவுக்கு என்று ஒரு வரி போட்டால் போதுமாம். இறந்தவரைத் தப்பு என்று காட்டுவது மரியாதை இல்லையாம். அன்பால்தான் சொல்கிறார். எனக்கும் அப்படியே விட்டுவிடலாமா என்று இருக்கிறது. உங்களுக்கு எது மனதுக்கு ஆறுதலோ அதைச் செய்கிறேன்.

அனுஜா


பினாங்கு
1 டிசம்பர் 2024

அனுவுக்கு,

உன் முதல் வரியைப் படித்துவிட்டு மீதியை மத்தியானம்தான் படித்தேன். அதுவரைக்கும் காமாரியாவின் சோபாவில் படுத்துத் தூங்கினேன். அவள் எழுப்பவில்லை. எனக்கு வேறு ஆறுதல் தேவையில்லை. ஹஸ்ருலிடம் நான் கேட்டதாகச் சொல். இப்போது கோபம் முன்பைவிடக் குறைவு. அது உண்மை.

அந்தத் தீவில் இன்னும் ஒரு வருடம் இருக்க வேண்டும் என்றால் இரு. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். மாவில் தண்ணீர் ஜாஸ்தி என்று அவரும் சொல்கிறார்.

பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் குகன் தப்பே செய்யாதவன் இல்லை என்று அவருக்குச் சொல். பதின்மூன்று வயதில், கழுவிய மிளகாயைத் துணி துவைக்கும் மெஷினில் போட்டுச் சுற்றவிட்டால் நெடி இல்லாமல் காயும் என்றான். போட்டான். மூன்று மாதம் எந்த ஜாக்கெட்டைப் போட்டாலும் எனக்கு உடம்பு எரிந்தது. இந்த பிளாட்டுக்குக் குடி வந்த அன்று, அலமாரி லிஃப்டில் போகும் என்று சாதித்தான். போகவில்லை. பத்து மாடி தூக்கினோம். தூக்கிக்கொண்டு ஏறும்போதும் போயிருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் தப்பு என்றால் நான் அவனிடம் தப்பு என்று சொல்லுவேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுவான், பிறகு அடுத்ததை யோசிப்பான். எனக்குத் தெரிந்த குகன் அவன்தான். செத்துப்போனான் என்பதற்காக அவனை வாயடைத்த பிள்ளையாக ஆக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நினைவுக்கு என்று ஒரு வரி வேண்டாம். அது எல்லாருக்கும் போடுவது. உள்ளே எழுது. குகன் இப்படி நினைத்தான், போய்ப் பார்த்தோம், அது தப்பு என்று எழுது. மழுப்பாமல் எழுது. பெயரை முழுசாகப் போடு, குகன் சுகுமாரன் என்று.

அச்சில் வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. பெயர் எங்கே இருக்கிறது என்று ஒரு கோடு போடு. தப்பு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று அதற்கும் ஒரு கோடு போட்டு அனுப்பு.

ருக்குமணி